பெயரை விற்றாலும் தொழிலை விடாதவர் – லியோ ஃபெண்டர்



திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் இசைக்குழு வாசிக்கும்போது நம் நெஞ்சுக்குள் ‘தும், தும்’ என்று ஓர் ஓசை வந்து இடிக்கும். பாடுகிறவரை நாம் பார்ப்போம். மேளம் அடிக்கிறவரைப் பார்ப்போம். அந்த ‘தும், தும்’ ஓசையை எழுப்புகிறவரோ மேடை ஓரத்தில் நான்கு கம்பி போட்ட கித்தாரோடு சும்மா நிற்கிறவர் போல நின்றுகொண்டிருப்பார். அவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் கையை எடுத்துவிட்டால் போதும், பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும். அந்தக் கித்தாருக்குப் பேஸ் கித்தார் என்று பெயர். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி இருக்கும். அதுதான் பேஸ் ஒலிபெருக்கி.

இவை இரண்டும் உலகம் முழுவதும் பரவக் காரணமாக இருந்தவர் ஒரே மனிதர். அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது என்றால் நம்புவீர்களா? அவர் படித்ததும் மின்சாரப் படிப்பு அல்ல, கணக்கெழுதும் படிப்பு. அவர்தான் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த லியோ ஃபெண்டர்.

அவருடைய வரலாற்றை இங்கே எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தம் கையால் வளர்த்த தொழிலை அவர் ஒரு மாபெரும் நிறுவனத்துக்கு விற்றார். தொழிலோடு சேர்த்துத் தம் பெயரையும் விற்றார். பிறகு அந்தப் பெயரோடு வெளிவந்த பொருள்கள் தரம் குறைந்து போவதை உயிரோடு இருந்து பார்த்தார். பெரும்பாலோர் ஓய்வெடுக்கும் வயதில் மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினார். சிறிய பட்டறை பெரிய கம்பெனியின் கைக்குப் போனால் என்ன ஆகும், எது மிஞ்சும், எது போகும் என்பதை இவர் வாழ்க்கை நமக்கு நன்றாகக் காட்டுகிறது.

இளமைப் பருவம்

கலிபோர்னியா மாநிலத்தில் அனஹைம், ஃபுல்லர்டன் என்று இரண்டு ஊர்கள் அருகருகே உள்ளன. அந்தக் காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் தோட்டங்கள்தாம். அப்படி ஒரு தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள் லியோ பிறந்தார். கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் என்பது அவருடைய முழுப் பெயர்.

எட்டு வயதில் அவருடைய இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுக்கும்படி ஆயிற்று. கண்ணாடிக் கண் வைத்தார்கள். அந்தச் சிறுவன் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. எஞ்சிய ஒரு கண்ணால் நுணுக்கமான வேலைகளைப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

பதின்மூன்று வயது வாக்கில் அவருக்கு மாமா முறையான ஜான் வெஸ்ட் என்பவர் ஒரு பெட்டி நிறையப் பழைய ரேடியோ சாமான்களையும் பேட்டரியையும் அனுப்பி வைத்தார். அவர் சாந்தா மரியா என்னும் ஊரில் மோட்டார் வண்டி மின்சாரக் கடை நடத்தியவர். பின்பு லியோ அந்தக் கடைக்குப் போனபோது, மாமா தம் கையாலேயே செய்த ரேடியோ ஒன்று ஸ்பீக்கர் வழியாகக் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் பையனின் மனத்தில் பதிந்துவிட்டது. அன்று பிடித்த ஆசை எண்பது வயது வரை விடவில்லை. வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாமாகவே படித்தார், தாமாகவே பழகினார்.

1928இல் உயர்நிலைப் பள்ளியை முடித்து, ஃபுல்லர்டன் இளநிலைக் கல்லூரியில் கணக்கியல் படித்தார். பிறகு ஐஸ் கம்பெனி ஒன்றில் ஐஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கேயே கணக்கு எழுதும் வேலைக்கு உயர்ந்தார். நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கிராணி வேலை! அந்த நாளில் இசைக்குழுத் தலைவர் ஒருவர், நடன மண்டபங்களில் வைப்பதற்கு ஆறு ஒலிபெருக்கிச் செட்டுகள் செய்து தரும்படி கேட்டார். லியோ செய்து கொடுத்தார்.

1934இல் எஸ்தர் என்ற மாதரசியை மணந்தார். அது உலகமே வேலையில்லாமல் தவித்த காலம். மாநில நெடுஞ்சாலை இலாகாவில் கிடைத்த கணக்கர் வேலை போயிற்று. அடுத்து ஒரு டயர் கம்பெனியில் சேர்ந்தார். ஆறு மாதத்தில் அங்கும் ஆளைக் குறைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் லியோவும் ஒருவர்.

ரேடியோ கடையிலிருந்து பட்டறைக்கு

வேலை போனவுடன் பலர் அடுத்த வேலையைத் தேடுவார்கள். லியோ 1938ஆம் ஆண்டு 600 டாலர் கடன் வாங்கி, சொந்த ஊரான ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். ரேடியோ மட்டுமா வந்தது? ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் இசைக்காரர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்தப் பெட்டியில் புகை வருகிறது, அந்தப் பெட்டியில் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது, வண்டியில் ஏற்றி இறக்கியதில் கம்பி விட்டுவிட்டது என்று ஒவ்வொருவரும் ஒரு குறையைச் சொன்னார்கள்.

பிள்ளைகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புதிதாக ஒன்றைச் செய்கிறவனுக்கு அதன் அழகுதான் கண்ணுக்குத் தெரியும். ரிப்பேர் செய்கிறவனுக்கோ அது எங்கே உடையும் என்பது தெரியும். லியோவுக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது அந்த ரிப்பேர் மேசைதான். பிற்காலத்தில் அவர் செய்த பெட்டிகள் எல்லாம் கடினமாக உழைத்ததற்கும், கெட்டுப் போனாலும் எளிதில் பிரித்துச் சரிசெய்ய முடிந்ததற்கும் அங்கே கற்ற பாடமே காரணம்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஒரு கண் இல்லாததால் லியோவைப் படையில் சேர்க்கவில்லை. அவர் டாக் காஃப்மன் என்ற நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, 1945இல் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய்க் கித்தார்களையும் அதற்கான சிறு ஒலிபெருக்கிகளையும் செய்து விற்றார். தொழிலை விரிவாக்க லியோ துடித்தார். காஃப்மனுக்கோ கடன் என்றாலே பயம். 1946இல் காஃப்மன் விலகிக்கொண்டார். தம் பங்குக்கு ஈடாக அவர் வாங்கிக்கொண்டது ஒரு சிறிய அழுத்து இயந்திரம் மட்டுமே! இருவரும் மனத்தாங்கல் இல்லாமல் நண்பர்களாகவே பிரிந்தார்கள். லியோ தம் பெயரையே வைத்து ஃபெண்டர் மின்சார இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கினார்.

பேஸ் கித்தாரும் அதன் பெட்டியும்

1950இல் உள்ளே கூடு இல்லாத, திண்ணென்ற மரப்பலகையில் செய்த மின்சாரக் கித்தாரை வெளியிட்டார். அதுதான் பிறகு டெலிகாஸ்டர் என்று புகழ்பெற்றது.

அக்காலத்தில் பேஸ் வாசிக்கிறவர்களின் பாடு பெரும்பாடு. வயலினைப் போன்ற உருவத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கருவி. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். சிரமப்பட்டுக் கொண்டுபோய் வாசித்தாலும் மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் அதன் சத்தம் அமுங்கிப் போகும். மேலும் அதன் கழுத்தில் விரல் வைக்க அடையாளம் கிடையாது. கொஞ்சம் தள்ளி வைத்தால் சுருதி விலகிவிடும்.

1951இல் லியோ இதற்கு வழி கண்டார். நான்கு கம்பிகளோடு, தோளில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு பேஸ் கித்தார் செய்தார். வீணைக்கு மெட்டுகள் இருப்பதுபோல் அதன் கழுத்திலும் உலோக மெட்டுகளைப் பதித்தார். விரலை வைத்தால் சுருதி துல்லியமாக நிற்கும். ஆகையால் துல்லியம் என்று பொருள்படும் பிரிசிஷன் பேஸ் என்ற பெயரையே சூட்டினார். அவருக்கு முன்பே 1930களில் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் இப்படிப்பட்ட பேஸ் ஒன்றைச் செய்தது உண்டு. ஆனால் அது பரவவில்லை. லியோ செய்ததுதான் உலகை ஆண்டது.

கருவி வந்துவிட்டது, சத்தம் எப்படி வெளியே வரும்? பேஸின் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவைதான் அதிரும். சாதாரணக் கித்தாரின் தடித்த கம்பி அதைப்போல் இரண்டு மடங்கு அதிரும். இவ்வளவு தாழ்ந்த ஓசையைக் காதில் விழும்படி கொடுக்க வேண்டுமானால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சிறிய ஸ்பீக்கரால் அது முடியாது. படபடத்துக் கிழிந்து போகும். ஆகவே 1952இல் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வைத்து, பேஸுக்கென்றே தனியாக ஓர் ஒலிபெருக்கி செய்தார். அதன் பெயர் பேஸ்மேன். சில ஆண்டுகளில் அந்த ஒரு பெரிய ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, 10 அங்குல ஸ்பீக்கர் நான்கை வைத்தார். ஒருவர் தூக்க முடியாத சுமையை நான்கு பேர் பகிர்ந்து தூக்குவது போலத்தான்!

லியோ வாசிக்கத் தெரியாதவர் என்றேன் அல்லவா? அதுவே அவருக்கு நன்மையாக முடிந்தது. தமக்குத் தெரியும் என்று நினைக்காதவர் பிறரைக் கேட்பார். புதிதாக ஒன்றைச் செய்தால் அதை வாசிக்கிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார். நடன மண்டபத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக்கொண்டு, பட்டறைக்குத் திரும்பி மறுபடியும் மாற்றுவார். நல்லா இருக்கு என்று சொன்னவரைவிட, குறை சொன்னவரைத்தான் அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையில் பெண்கள் பலர் வேலை பார்த்தார்கள். அவர்களில் மெக்சிகோ நாட்டு வம்சாவளியினர் நிறையப் பேர். ஒலிபெருக்கியின் உள்ளே கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து ஈயம் பற்ற வைத்தது அவர்கள் கைகள்தாம். வேலை முடிந்ததும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் தங்கள் பெயரை எழுதிப் பெட்டிக்குள் ஒட்டி வைப்பார்கள். இன்றைக்கு எழுபது வருடம் கழித்துப் பழைய பெட்டியைத் திறப்பவர்கள் அந்தப் பெயரைப் பார்க்கிறார்கள். பெட்டியின் முகப்பில் முதலாளியின் பெயர்; உள்ளே உழைத்தவளின் பெயர். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பெட்டி.

பேஸ்மேன் கடல் கடந்தும் வேலை செய்தது. லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் மேளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு ஓர் இசைக்கருவிக் கடையும் வைத்திருந்தார். அமெரிக்கப் பெட்டிகள் அங்கே விலை அதிகம். ஆகவே 1962இல் அவரும் அவருடைய ஆட்களும் பேஸ்மேனையே மாதிரியாக வைத்துச் சொந்தமாக ஒரு பெட்டி செய்தார்கள். மார்ஷல் என்ற பெயரும் உலகப் புகழ் பெற்றது. ஒரு சின்னப் பட்டறையில் ஏற்றிய விளக்கிலிருந்து இன்னொரு சின்னப் பட்டறை விளக்கு ஏற்றிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

விற்பனை

1950களின் நடுவில் லியோவுக்கு மூக்கையும் நெற்றியையும் பற்றிய ஒரு தொற்று நோய் வந்தது. ஆண்டுக்கணக்கில் அது தீரவில்லை. உடல் நலிந்து, இனி நெடுநாள் இருக்கமாட்டோம் என்ற எண்ணமே அவருக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் நோய். இன்னொரு பக்கம் நாளுக்கு நாள் பெருகும் ஆர்டர்கள். கூலி கொடுக்க வேண்டிய ஆட்கள் பல நூறு பேர். ஆகவே தொழிலை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்.

வாங்க வந்தது சி.பி.எஸ். என்னும் மாபெரும் வானொலி, தொலைக்காட்சி நிறுவனம். 1965 ஜனவரியில் விலை முடிந்தது. ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர்! அதே நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டுதான் நியூயார்க் யாங்கீஸ் என்ற புகழ்பெற்ற பேஸ்பால் குழுவில் 80 விழுக்காட்டை ஒரு கோடியே பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கியிருந்தது. அதைவிடக் கித்தார் பட்டறைக்கு விலை கூடுதல் என்றால் பாருங்கள். 600 டாலர் கடனில் தொடங்கியவருக்கு இது எவ்வளவு பெரிய வெற்றி!

ஆனால் ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு அவர் போட்டித் தொழில் நடத்தக்கூடாது. ஃபெண்டர் என்ற பெயர் இனிமேல் கம்பெனிக்குச் சொந்தம். ஆலோசகர் என்ற பெயரில் ஐந்து ஆண்டுகள் அவரை வைத்துக்கொண்டார்கள். ஆனால் தொழிற்சாலையை நடத்தும் பொறுப்பு அவர் கையை விட்டுப் போயிற்று.

இதிலே ஒரு வேதனை என்னவென்றால், 1968 வாக்கில் அவர் வேறொரு வைத்தியரிடம் போனார். அந்த வைத்தியர் கொடுத்த மருந்தில் நோய் தீர்ந்துவிட்டது! எந்த நோய்க்குப் பயந்து தொழிலை விற்றாரோ அந்த நோய் போய்விட்டது. விற்றது விற்றதுதான்.

கை மாறிய பிறகு

சி.பி.எஸ். நிறுவனம் கெட்ட எண்ணத்தோடு வாங்கவில்லை. பணம் போட்டார்கள். பெரிய புதிய ஆலை கட்டினார்கள். உற்பத்தியும் விற்பனையும் பெருகின. இதையெல்லாம் மறைத்துப் பேசுவது நியாயம் ஆகாது.

ஆனால் முடிவு எடுக்கிறவர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள். குறை சொல்லும் இசைக்காரர் ஃபுல்லர்டனில் இருந்தார். இடையிலே மேலாளர், அவருக்கு மேல் மேலாளர் என்று ஏணிப்படி. வால்வு வைத்த பெட்டிகளுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் வைத்த பெட்டிகளை 1966இல் அவசர அவசரமாகக் கொண்டுவந்தார்கள். அவை பழுதடைந்து திரும்பி வந்தன. லியோவின் காலத்திலிருந்து தொழிற்சாலையை நடத்தி வந்த ஃபாரஸ்ட் ஒயிட் என்பவர் அந்தப் பெட்டிகளுக்கு ஒப்புதல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி வேலையையே விட்டுப் போனார். சில ஆண்டுகளில் அந்தப் பெட்டிகளும் நின்றுபோயின. 1970களில் இசைக்காரர்கள் 1965க்கு முந்தியதா, பிந்தியதா என்று கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். பழைய பெட்டிக்குப் புதியதைவிட விலை ஏறிற்று. பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. அதன் மேல் இருந்த நம்பிக்கைதான் போய்விட்டது.

பேஸ் ஒலிபெருக்கித் தொழிலில் இது லியோவுக்கு மட்டும் நடந்ததன்று. எவரெட் ஹல் என்பவர் பேஸ் வாசிக்கும் கலைஞர். ஆள் உயரப் பேஸின் அடியில் ஊன்றும் முளையில் மைக்கைப் பொருத்தி ஒலியைப் பெருக்கும் வழியைக் கண்டவர். அவர் நியூ ஜெர்சியில் வளர்த்த நிறுவனம் அம்பெக். 1960இல் அது வெளியிட்ட போர்ட்டாஃபிளெக்ஸ் என்ற பெட்டி பேஸ் கலைஞர்களின் செல்லப்பிள்ளை. 1967இல் அவரும் விற்றார். 1971இல் அது மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்குப் பிறகும் பல கை மாறி, 2018இல் யமாஹாவின் கித்தார் குழுமத்திடம் வந்து சேர்ந்தது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹல் விற்ற பிறகுதான், 1969இல், 300 வாட் சக்தி கொண்ட எஸ்.வி.டி. என்ற மாபெரும் பேஸ் ஒலிபெருக்கியை அம்பெக் வெளியிட்டது. பெரிய மைதானங்களில் பேஸ் ஓசை எட்டியதற்கு அந்தப் பெட்டி ஒரு முக்கியக் காரணம். வேலை தெரிந்தவர்களை அவர்கள் போக்கில் செய்ய விட்டால் பெரிய கம்பெனியிலும் நல்ல பொருள் பிறக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகையால் சிறியது எல்லாம் நல்லது, பெரியது எல்லாம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. வேலை தெரிந்தவனின் சொல் முதலாளியின் காதுக்குப் போகிறதா என்பதே கேள்வி. லியோவின் பட்டறையில் அந்தக் காதும் அந்தக் கையும் ஒரே ஆளிடம் இருந்தன. தோட்டம் கை மாறினால் முதலில் மாறுவது பெயர்ப்பலகைதான். மரத்தின் குணம் அறிந்த ஆட்களும் போய்விட்டால் பால் குறையும் என்பது நமக்குத் தெரியாததா?

மீண்டும் முதலில் இருந்து

லியோவிடம் பணம் இருந்தது. பேரும் புகழும் இருந்தன. பிரயாணம் போகலாம், படகு ஓட்டலாம். ஆனால் பட்டறைக்குப் போகாமல் அவரால் இருக்க முடியவில்லை.

பழைய தோழர் ஃபாரஸ்ட் ஒயிட்டும் டாம் வாக்கர் என்பவரும் 1970களின் தொடக்கத்தில் ஒரு புதிய நிறுவனம் ஆரம்பித்தார்கள். லியோ வெளியே தெரியாமல் பணம் கொடுத்து உதவினார். 1974இல் அதற்கு மியூசிக் மேன் என்ற பெயர் வந்தது. 1975இல் பத்து ஆண்டுத் தடை தீர்ந்ததும் அவரே அதன் தலைவரானார். அப்போது வயது 65! அவர்கள் முதலில் விற்றது ஒலிபெருக்கிகளைத்தான். அதன் முன்பகுதியில் டிரான்சிஸ்டர், சக்தி கொடுக்கும் பகுதியில் வால்வு. டிரான்சிஸ்டர் மேல் லியோவுக்குப் பகை இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். சரியாகப் பரீட்சித்துப் பார்க்காமல் விற்றதுதான் பழைய தவறு. 1976இல் ஸ்டிங்ரே என்னும் பேஸ் வந்தது. அதன் வயிற்றுக்குள்ளேயே பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி ஒலிபெருக்கியை வைத்திருந்தார்கள். வாசிக்கிறவர் தம் விரல் நுனியிலேயே ஓசையைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்தப் பேஸும் பெரும்புகழ் பெற்றது.

நாளடைவில் கூட்டாளிகளிடையே பணத் தகராறு வந்தது. சிறிய நிறுவனமானால் சண்டையே வராது என்று நினைக்க வேண்டாம், அங்கும் வரும். 1979இல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் காலமானார். கூட்டும் முறிந்தது, குடும்பமும் வெறிச்சோடியது. எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்? லியோ தம் பழைய ஊழியரும் நண்பருமான ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து மூன்றாவது முறையாக ஒரு நிறுவனம் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜி அண்டு எல் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிலிஸ் என்ற அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார்.

அந்தத் தொழிற்சாலை இருந்த வீதிக்கு ஃபெண்டர் வீதி என்று பெயர். வீதிப் பலகையில் அவர் பெயர் இருக்கலாம். ஆனால் அந்த வீதியில் அவரே தம் கையால் செய்யும் கித்தாரில் அந்தப் பெயரைப் போட அவருக்கு உரிமை இல்லை! பெயரை விற்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா? அவர் அதைப் பற்றி ஊரைக் கூட்டிப் புலம்பவில்லை. காலையில் வேலைக்கு வந்தார். மாலையில் வீட்டுக்குப் போனார்.

இதற்கிடையில் சி.பி.எஸ். நிறுவனமும் சலித்துப் போயிற்று. 1985இல் ஃபெண்டர் நிறுவனத்தை அதன் ஊழியர்களும் வில்லியம் ஷுல்ட்ஸ் என்ற நிர்வாகியும் சேர்ந்து வாங்கினார்கள். விலை ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் டாலர். இருபது ஆண்டுக்கு முன் கொடுத்த விலையைவிடக் குறைவு! அதிலும் ஃபுல்லர்டன் ஆலை சேரவில்லை. பெயரும் வடிவுரிமைகளும் மிச்சமிருந்த சாமான்களும்தாம் அவர்களுக்குக் கிடைத்தன. அதை வைத்துக்கொண்டு கொரோனா என்ற ஊரில் புதிய ஆலை போட்டு, பழைய தரத்தை மீட்கப் பாடுபட்டார்கள். நல்ல பெயரையும் மீட்டார்கள். தொழிலுக்குள்ளேயே இருந்தவர்கள் கைக்கு வந்த பிறகுதான் அந்த நிறுவனம் தலை நிமிர்ந்தது.

மறைவு

கடைசிக் காலத்தில் லியோவுக்கு நடுக்குவாத நோய் கண்டது. நுணுக்கமான வேலைக்கென்றே பிறந்த கைகள் நடுங்கின. பேச்சும் தடுமாறிற்று. அப்படியும் பட்டறைக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. தம் மேசையில் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள், தம் 81ஆம் வயதில், அன்னார் இவ்வுலக வாழ்வை நீத்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஒரு பாட்டும் பாடாதவருக்கு, ஒரு கம்பியையும் மீட்டத் தெரியாதவருக்கு இசைக் கலைஞர்களோடு சரியாசனம் கிடைத்தது!

மாணவச் செல்வங்களே, ஒரு கண் போயிற்று, அவர் படிப்பை விடவில்லை. வேலை போயிற்று, சொந்தக் கடை வைத்தார். தம் பெயரே கை மாறிப் போயிற்று. தொழிலை மட்டும் அவரிடமிருந்து யாராலும் வாங்க முடியவில்லை. கடையை வாங்கலாம், பெயரை வாங்கலாம், கட்டடத்தை வாங்கலாம். ஒருவர் கற்றுக்கொண்ட வேலையை அவரிடமிருந்து பிரித்து வாங்க இதுவரை எந்தக் கம்பெனியாலும் முடிந்ததில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் பழைய ரேடியோவையோ கைப்பேசியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடனே அதட்டாதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கி வைத்திருக்கிறானா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். இந்த ஆண்டு மேடை ஏறாத பிள்ளைகளும் மனம் தளர வேண்டாம். அந்தப் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குள் பெயர் எழுதி ஒட்டிய பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே யாருக்கும் தெரியாவிட்டாலும், நாம் செய்த வேலையில் நம் பெயரை எழுதக் கூச்சப்படாத அளவுக்கு அந்த வேலையைச் செய்தாலே போதும்.